வடசென்னைத் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள்: ஊனம், உயிரிழப்பு, சட்டப் பிரதிநிதித்துவம்

வடசென்னைத் தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகள் என்பவை, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் வேலையின்போது காயமடைந்து ஊனமுற்ற தொழிலாளர்களும், உயிரிழந்தவர்களின் குடும்பத்தாரும் சட்டப்படியான உதவித்தொகை கோரித் தொடுக்கும் வழக்குகள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இவ்வழக்குகளுக்கு அடிப்படையாக இருந்தவை இரண்டு சட்டங்கள்: 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் (இ.எஸ்.ஐ.). 2025 நவம்பர் 21 முதல் இவ்விரண்டின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

இச்சட்டங்கள் தொழிலாளிக்குத் தரும் உரிமை சிறிதன்று. ஆயினும் அந்த உரிமை பணமாகக் கைக்கு வருவது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. இவர் இன்னாரிடம் வேலை பார்த்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா? விபத்து நடந்த முதல் சில நாட்களில் குடும்பத்தின் பக்கம் நின்று பேச ஆள் இருந்தாரா?

பின்புலம்

1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையமும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த செயற்கைத் துறைமுகமும் இப்பகுதியை உழைப்பாளர் குடியிருப்பாக்கின. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு ஆலைகளும் வந்தன. பின்னர் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரம், ரசாயன ஆலைகளும், எண்ணூர் வட்டாரத்தில் அனல்மின் நிலையங்களும் எழுந்தன. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியபின் நிலக்கரியும் கொள்கலன் லாரிகளும் இப்பகுதியின் அன்றாடக் காட்சி ஆயின.

வேலையின் தன்மைக்கேற்ப விபத்தின் தன்மையும் அமைகிறது. அச்சு இயந்திரத்தில் விரல் நசுங்குதல், சாரம் சரிந்து விழுதல், கப்பல் தளத்தில் சரக்குக் கட்டு அவிழ்தல், டிரெய்லர் மோதுதல், ரசாயனக் கசிவில் மூச்சுத்திணறல் ஆகியவை இங்கே அதிகம். இவற்றோடு சிலிக்கா, கல்நார்த் தூசியால் வரும் நுரையீரல் நோய்களையும் சட்டம் தொழில்சார் நோய்களாக ஏற்று, விபத்துக்கு நிகராக வைத்துள்ளது.

கை விபத்துகளின் மிகுதியோடு இப்பகுதியின் மருத்துவ வரலாறும் பிணைந்தது. 1971இல் மருத்துவர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனித்துறையைத் தொடங்கினார். ஆலையில் நசுங்கிய கைகளை மீட்டெடுப்பதில் நாடறிந்த மையமாக அது வளர்ந்தது.

வரலாறு

1923க்கு முன் வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு எஞ்சியிருந்த வழி, 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது. முதலாளியின் கவனக்குறைவை அங்கே மெய்ப்பிக்க வேண்டும். கூலி வாங்கிப் பிழைத்த குடும்பத்துக்கு அது எட்டாத வழி.

1918 ஏப்ரல் 27இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை முன்வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி. வாடியாவும் திரு.வி. கலியாணசுந்தரனாரும் அதற்குத் தலைமை தாங்கினர். வேலைநிறுத்தத்தை ஒட்டி ஆலை நிர்வாகம் வாடியா மீதே இழப்பீட்டு வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றது. தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத நிலை அதனால் வெளிப்பட்டது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923 மார்ச்சில் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் நிறைவேறிய அதே 1923இல்தான் ம. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார். மீனவச் சமூகத்தில் பிறந்து வழக்கறிஞரானவர் அவர்; 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்கறிஞர் தொழிலைத் துறந்தவர். மற்றொரு வழக்கறிஞரான வி. சக்கரைச் செட்டியாரும் சங்கப் பணியில் முன்னின்றார். விடுதலைக்குப் பின் துறைமுகத் தொழிலாளர்களிடையே செல்வாக்குப் பெற்ற எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை, இலங்கையிலிருந்து வந்தவர். 1957இல் வடசென்னைத் தொகுதியின் மக்களவை உறுப்பினரானார். சங்க அலுவலகத்தில் மனு எழுதி, தொழிலாளியோடு அதிகாரியின் முன் போய் நிற்கும் பழக்கம் இத்தகைய தலைவர்கள் காலத்தில் வேரூன்றியது.

எந்தச் சட்டம், எந்த மன்றம்

வழக்கறிஞர் முதலில் கேட்பது, ‘இ.எஸ்.ஐ. பிடித்தார்களா?’ என்பதே. 2017 ஜனவரி முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் காப்பீட்டுக்குள் வருவர். காப்பீடு பெற்றவர் முதலாளியிடம் தனியே இழப்பீடு கோரச் சட்டம் இடம் தருவதில்லை; 1996இல் ஏ. டிரெஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

இ.எஸ்.ஐ. தருவது மாதந்தோறும் வரும் தொகை. தற்காலிக ஊனத்துக்குச் சராசரி ஊதியத்தின் 90 விழுக்காடு. நிரந்தர ஊனத்துக்கு, மருத்துவ வாரியம் கணிக்கும் சம்பாத்தியத் திறன் இழப்பின் அளவுக்கு ஏற்ப. உயிரிழந்தால், அந்த 90 விழுக்காட்டை முழுவீதமாகக் கொண்டு, அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு பங்கும் உண்டு. மொத்தம் முழுவீதத்தைத் தாண்டினால் எல்லாப் பங்குகளும் விகிதப்படி குறையும். வாரியத்தின் முடிவு தவறென்று கருதுபவர் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம்.

காப்பீட்டுக்குள் வராதவர்கள் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஆணையரிடம் மனுச் செய்தனர். தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையர்களே இந்த ஆணையர்கள். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் இயங்குகிறது. விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுத்தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம்.

தொகை கணக்கிடும் முறை

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் நான்காம் அட்டவணை, வயதுக்கேற்ப ஒரு பெருக்கெண்ணைத் தருகிறது. இறப்புக்கு மாத ஊதியத்தில் பாதியையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் அந்த எண்ணால் பெருக்க வேண்டும். ஊதியம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2010இல் அது 8,000 ரூபாய்; 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய்.

முப்பது வயதுக்கான எண் 207.98. மாதம் 15,000 ரூபாய்க் கணக்கில் அந்த வயதில் ஒருவர் இறந்தால், அவர் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய் சேர வேண்டும். அதே வயதில் ஒருவர் கட்டை விரலை இழந்தால், முதல் அட்டவணைப்படி அது 30 விழுக்காட்டு இழப்பு. முழு ஊனத்துக்குரிய 18,71,820 ரூபாயில் அந்த விழுக்காடு, அதாவது 5,61,546 ரூபாய், அவருக்குரியது. மருத்துவச் செலவை முதலாளி தனியே தர வேண்டும்.

இது நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் பிறக்கும் கடன் அன்று. 1975 டிசம்பரில் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விபத்து நடந்த அன்றே முதலாளியின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது என்றது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டி சேரும். தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். முதலாளி தனியே காப்பீடு எடுத்திருந்தால், வட்டி அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்புக்குள் வரும். அபராதம் முதலாளியையே சேரும் என்பது 1997இல் வேத் பிரகாஷ் கர்க் வழக்கில் வந்த முடிவு.

தொழிலாளி சார்பில் யார் பேசலாம்

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தொழிலாளர் வழக்காடலுக்கு ஒரு தனிக் கதவைத் திறந்தது. ஆணையர் முன் தொழிலாளிக்காக வழக்கறிஞர் தோன்றலாம். பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் தோன்றலாம். ஆணையரின் அனுமதியோடு வேறொருவரும் தோன்றலாம். சங்கத் தோழர் ஒருவர் மனு எழுதி, சாட்சியை விசாரித்து, வாதத்தையும் முடிக்கலாம். புதிய தொகுப்புச் சட்டமும் இந்த ஏற்பாட்டைத் தொடர்கிறது.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமை தருகிறது. கணவரை இழந்த பெண்ணும், கை இழந்த தொழிலாளியும் ஆணைக்குழுவின் வாசலில் வருமானச் சான்று கேட்கப்படாமல் உதவி பெற வேண்டியவர்கள். தேசிய உதவி எண் 15100.

வழக்கறிஞர் கட்டணத்திலும் ஒரு விதி உண்டு. கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று பேசிக்கொள்வதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடைசெய்கின்றன. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவோ, இழப்பீட்டுத் தொகையைக் கடனுக்காகச் சப்தி செய்யவோ மற்றொருவருக்கு எழுதிக்கொடுக்கவோ கூடாது என்கிறது. வட்டிக்குக் கொடுத்தவர் குடும்பத்துக்கு வந்த இழப்பீட்டின் மேல் கைவைக்க முடியாது.

வழக்கு உருவாகும் விதம்

வழக்கின் பாதி வேலை மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் முடிந்துவிடுகிறது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் ஒரே ஒரு வரி, பேச்சுவழக்கில் ‘ஏ.ஆர். காப்பி’, பின்னர் பெரும் சான்றாகிறது. ‘வேலையிடத்தில் இயந்திரத்தில் சிக்கி’ என்று எழுதப்பட்டால் வழக்கு நிற்கும். ‘வீட்டில் வழுக்கி விழுந்து’ என்று மேஸ்திரி சொல்லி எழுதவைத்துவிட்டால், அதை மாற்றப் பல ஆண்டு ஆகலாம். காயமடைந்தவரோடு வந்தவர்கள் பதற்றத்தில் இருக்கும்போது, அனுமதிச் சீட்டு போடும் இடத்தில் நிற்பவர் யார் என்பது வழக்கின் போக்கையே திருப்பிவிடும்.

அடுத்தது வேலைத்தொடர்புச் சான்று. துறைமுகத்திலும் ஆலைகளிலும் பெரும்பகுதி வேலை ஒப்பந்ததாரர் வழியே நடக்கிறது. ஒப்பந்ததாரரின் கீழ் இன்னொருவர், அவருக்குக் கீழ் மேஸ்திரி என்று அடுக்கு நீளும். சம்பளச் சீட்டு இருக்காது. ஊதியம் கையில் வரும். அப்போது பயன்படுபவை நுழைவாயில் கேட் பாஸ், வருகைப் பதிவேட்டின் நகல், வங்கிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி எண், பாதுகாப்புப் பயிற்சியில் கையெழுத்திட்ட தாள், உடன் வேலை பார்த்தவரின் சாட்சியம் ஆகியவை. ஒப்பந்ததாரர் தலைமறைவானாலும் வழக்கு வீழ்வதில்லை. தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை நிறுவனமே தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. கொடுத்த தொகையை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்வது அந்த நிறுவனத்தின் பாடு.

முதலாளி தரப்பில் அடிக்கடி வரும் வாதம், ‘அவர் குடித்திருந்தார்’, ‘பாதுகாப்பு விதியை மீறினார்’ என்பது. பகுதி ஊனத்திலும் தற்காலிக ஊனத்திலும் மட்டுமே இது தற்காப்பாகும். இறப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு இந்த வாதத்தை ஏற்பதில்லை. இதை அறியாமலே பல குடும்பங்கள் ‘நம்ம மேலதான் தப்பு’ என்று நம்பிச் சொற்பத் தொகைக்கு உடன்பட்டுவிடுகின்றன.

அத்தகைய உடன்பாடுகளிலிருந்தும் சட்டம் குடும்பத்தைக் காக்கிறது. உயிரிழப்பு வழக்கில் இழப்பீட்டை ஆணையரிடமே வைப்புச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்து பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நேரே கொடுக்கும் பணம் இழப்பீடாகக் கொள்ளப்படாது. மூன்று மாத ஊதிய அளவு வரையான முன்பணத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். வைப்பான தொகையை மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரிடையே ஆணையர் பங்கிடுகிறார். சிறார் பங்கை அவர்கள் நலனுக்காக முதலீடு செய்ய உத்தரவிடலாம். மேல்முறையீடு செய்ய விரும்பும் முதலாளி தீர்ப்புத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும்.

மருத்துவ மதிப்பீடு

உடலின் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல. பிரதாப் நாராயண் வழக்கில் காயமடைந்தவர் ஒரு தச்சர். திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து, இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. அட்டவணையில் அது பகுதி ஊனம். ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதால் அதை முழு ஊனமாகவே கொண்டது சரி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வடசென்னை வழக்குகளில் இத்தீர்ப்பின் பயன் பெரிது. கொள்கலன் லாரி ஓட்டுநரின் முறிந்த கால், பற்றவைப்பாளரின் பழுதான கண், கிரேன் இயக்குபவரின் விறைத்த விரல் ஆகியவை காகிதத்தில் சிறு விழுக்காடாகத் தெரியலாம். அந்தத் தொழிலுக்கு அவை முடிவாகவே இருக்கும். ‘இந்தக் கையோடு இவர் பழைய வேலையைச் செய்ய முடியுமா?’ என்ற கேள்வியை மருத்துவரிடம் நேரே கேட்டுப் பதிலைப் பதிவு செய்வது, தொழிலாளி தரப்பு வழக்கறிஞரின் முதன்மையான கடமை.

கடலோடிகளும் மீனவர்களும்

கப்பல் பணியாளர்களுக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனி ஏற்பாடு செய்தது. நடுக்கடலில் சாட்சி கிடைப்பதரிது. மெக்கின்னன் மெக்கன்சி வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. 1961இல் ஒரு கப்பலின் தளப் பணியாளர் இரவில் காணாமல் போனார். அவர் இறந்தது வேலையால் நேர்ந்த விபத்தில்தான் என்பதற்குச் சான்று போதாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு எதிராக முடிவுசெய்தது. நேரடிச் சாட்சி இல்லாவிட்டாலும் சூழ்நிலைகளிலிருந்து நியாயமாக ஊகிக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டே, அந்த ஊகத்துக்கு இங்கே அடிப்படை இல்லை என்றது.

காசிமேட்டு விசைப்படகுகளில் நிலைமை வேறு. கூலிக்குப் பதில் மீன் வருவாயில் பங்கு பிரிக்கும் வழக்கம் இருப்பதால், படகு உரிமையாளர் முதலாளியா கூட்டாளியா என்பதே முதல் சர்ச்சையாகிறது.

வேலைக்குப் போகும் வழி

1958இல் சௌராஷ்டிர உப்பு நிறுவன வழக்கில், வேலை முடிந்து கழியைப் படகில் கடந்தபோது மூழ்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. பணியிடத்தின் எல்லை அவ்வளவு தூரம் நீளாது என்பது அன்றைய கருத்து. 2010இல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதில் உட்படுத்தப்பட்டது. 2025 ஜூலையில் தைவ்சாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே பொருளை 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் நீட்டித்தது. சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் இறந்த வழக்கு அது. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலையிலும் டிரெய்லர்களுக்கு நடுவே இருசக்கர வண்டியில் ஷிப்டுக்கு ஓடுபவர்களுக்கு இத்தீர்ப்பு நேரடியான பாதுகாப்பு.

வெளிமாநிலத் தொழிலாளர்கள்

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரக் கட்டமைப்பு சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர் 9 பேர் உயிரிழந்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் நிவாரணத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இத்தகைய நிவாரணம் அரசின் கருணைத் தொகை. அது சட்டப்படியான இழப்பீட்டுக்கு மாற்று ஆகாது. குடும்பம் இரண்டையும் பெறலாம்.

உடலோடு ஊர் திரும்பும் உறவினர் விசாரணைக்காகச் சென்னைக்கு மீண்டும் மீண்டும் வர இயலாது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1995இல் செய்யப்பட்ட திருத்தத்தால், விபத்து நடந்த பகுதியின் ஆணையரிடம் மட்டுமன்றி, சார்ந்தோர் வாழும் பகுதியின் ஆணையரிடமும் மனுக் கொடுக்கலாம். அசாமிலோ பீகாரிலோ இருக்கும் மனைவி அங்கிருந்தே வழக்கைத் தொடுக்கலாம். இதைப் புறப்படுமுன் அந்தக் குடும்பத்தின் மொழியில் எடுத்துச் சொல்லி, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கையில் கொடுத்து அனுப்புவதே சங்கங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

முன்னாள் படைவீரர் வழக்குகளோடு ஒப்பீடு

ஊன ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் கோரும் படைவீரர்கள் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகுகின்றனர். அதன் மண்டல அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அனுமானத்தை உறுதிசெய்தது: சேர்க்கையின்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால், படைவீரர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது. 2014இல் ராம் அவதார் வழக்கில், ஊன விழுக்காட்டை 50, 75, 100 என்று மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, ஓய்வு வயதை எட்டியோ பணிக்காலம் முடிந்தோ ஓய்வு பெறுபவர்களுக்கும் பொருந்தும் என்றது.

சேர்ந்த நாள் முதலே படைவீரருக்கு மருத்துவப் பதிவேடு உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படியொன்று இல்லை. அதனால் சிலிக்கா தூசி நுரையீரலை அரித்தபின், எந்த ஆலையில் அது தொடங்கியது என்ற கேள்வி அவரையே எதிர்கொள்கிறது. சில நோய்களில், குறித்த வேலையில் ஆறு மாதம் தொடர்ந்திருந்தால் அது தொழிலால் வந்ததாகவே கொள்ளப்படும் என்ற விதி உண்டு. அந்த ஆறு மாதத்துக்கும் பதிவேடு வேண்டும். படைவீரருக்கு நீதிமன்றம் அளித்த அனுமானம் ஆலைத் தொழிலாளிக்கும் நீளுவதே நியாயம்.

இன்றைய நிலை

2025 நவம்பர் 21க்குப் பின் நேரும் விபத்துகளுக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பொருந்தும். அதற்கு முன் உருவான உரிமைகள் பழைய சட்டத்தின்கீழ் தொடர்கின்றன. இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படை பெரிதும் மாறவில்லை. ஆணையரின் இடத்தில் தகுதிபெற்ற அதிகாரி வந்திருக்கிறார். வேலைக்குச் சேரும்போதே இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலே முதலாளியின் கடமை.

அதே நாளில் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. இழப்பீட்டு வழக்குகளில் தோற்ற குடும்பங்களிடம் இல்லாமல் போனது பெரும்பாலும் இந்த ஒரு தாள்தான். அது ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று வாயிலில் நின்று சங்கங்களும், முகாம்கள் நடத்தி சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், ஆய்வின்போது தொழிலாளர் துறையும் கேட்டறிய வேண்டும். விபத்துக்கு முன்னரே செய்யப்படும் இந்த வேலையும் சட்டப் பிரதிநிதித்துவத்தின் பகுதியே.